பத்துக்கு ஒரு மூட்டை

அத்தியாயம் 9

திருடன் கம்பிக்குள் இருக்கிறான். திருட்டு மட்டும் வெளியே ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறது.

தெப்ராவ் சடக்கில் செம்மண் தூசியைக் கிளப்பிக்கொண்டு போன பழைய மோட்டார் காரில், துப்பறியும் சபாபதி இந்த ஒன்றைத்தான் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தார். காரை ஓட்டிய உதவியாளன் ஜெகபர் சாதிக் யோசிக்கவில்லை. யோசிக்காமலே பேசுவதற்கு அவனுக்கு ஆண்டவன் ஒரு தனி வரம் கொடுத்திருந்தான்.

"இதுல என்னண்ணே அதிசயம்? ஐயாசாமி மண்டோருக்குக் கை நீளம்னு போலீசே எழுதியிருக்கு. ஜோகூர் பாரு லாக்கப்புல இருந்தே நீட்டியிருப்பாரு."

"தெப்ராவ் ஏழு மைல்டா."

"அதான் சொன்னேனே, நீளம்னு."

சபாபதி சிரிக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அவர். ஊரார் சொன்ன பொய்களைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கும் மாற்றி மாற்றிச் சலித்துப் போய், வேலையை விட்டுவிட்டுத் துப்பறிய வந்தவர். சாதிக்கின் கதை வேறு. பத்து பாகாட் என்ற ஊரில் அரிசிக் கடை வைத்திருக்கும் அவன் வாப்பா, வாங்க வருகிறவர்களைக் கிண்டல் செய்தே விரட்டுகிறான் என்று மகனையே விரட்டிவிட்டார்.

வழக்கு இதுதான். அது 1939, மே மாதம். அடுத்த சண்டை எப்போது வேண்டுமானாலும் வரும், வந்தால் கப்பல் வராது, கப்பல் வராவிட்டால் அரிசி கிடையாது என்பது பெரிய இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் திடீரென்று உறைத்திருந்தது. உடனே தெப்ராவில் ராணுவத்துக்கும் ஊருக்குமாக ஆறு கிடங்குகள் எழும்பின. ஜோகூர் பாரு துறைமுகத்துப் பக்கம் இருந்த ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியின் ஆலையிலிருந்து லோரியில் அரிசி மூட்டைகள் வந்து இறங்கின. ஏற்றுவதும் இறக்குவதும் அதே நாற்பது ஆட்கள். அவர்களை மேய்த்து வேலை வாங்குகிற மண்டோர் ஐயாசாமி.

மூன்று மாதத்தில் ஆலையை விட்டுப் புறப்பட்டவை பன்னிரண்டாயிரம் மூட்டை. கிடங்கில் வந்து சேர்ந்ததாகக் கணக்கெழுதும் கிராணி எழுதியவை பத்தாயிரத்து எண்ணூறு. ஆயிரத்து இருநூறு மூட்டை வழியிலேயே ஆவியாகியிருந்தது. போன சனிக்கிழமை ஐயாசாமியைப் பிடித்தார்கள். விசாரணை, வக்கீல் என்ற தொல்லையெல்லாம் இல்லை. நாடு கடத்தும் உத்தரவு ஒன்றை எழுதி, வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஏற்ற முடிவு செய்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் விட்டு வந்த ஊரில் அவருக்கு இப்போது உயிரோடு ஒருவரும் இல்லை. அவர் மனைவி பேச்சியம்மாள் திங்கட்கிழமை வந்து சபாபதியின் வாசலில் நின்றாள். அவள் அழவில்லை. "அவரு எடுக்கலய்யா" என்று மட்டும் சொன்னாள்.

அவர் லாக்கப்பில் இருக்கும்போதே நேற்றுச் செவ்வாய்க்கிழமை ஒரு லோரி வந்தது. ஆலையில் முப்பது, கிடங்கில் இருபத்தேழு. இன்றைக்குப் புதன்கிழமை.

"பத்துக்கு ஒண்ணு," என்றார் சபாபதி. "முப்பதுக்கு மூணு. பன்னிரண்டாயிரத்துக்கு ஆயிரத்து இருநூறு. ஒரு நாள் கூட மாறல. எந்தத் திருடன்டா இவ்வளவு நேர்மையா எடுப்பான்?"

"கோயிலுக்கு நேர்ந்துகிட்டவனா இருப்பான்."

"அது போகட்டும். எங்க வித்தான்?"

"அதான் அண்ணே எனக்கும் இடிக்குது." சாதிக் முதல் தடவையாகக் கொஞ்சம் யோசித்தான். "ஆயிரத்து இருநூறு மூட்டை வெளிய வந்திருந்தா பத்து பாகாட் வரைக்கும் அரிசி விலை உக்காந்திருக்கும். எங்க வாப்பாவுக்கு மாரடைப்பே வந்திருக்கும். வரல. சடக்கு ஓரமா ஒரு கோழி கூடக் கொழுக்கல. ஒரு பிடி அரிசி சிந்தாம ஆயிரத்து இருநூறு மூட்டையா?"

---

கிடங்கு வாசலில் சிறிய பலகை அறை ஒன்று இருந்தது. அதற்குள் டி குரூஸ் என்ற, வெள்ளைக்காரக் கலப்புள்ள சட்டைக்காரக் கிராணி மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அரிசித் தூசி அவருக்கு ஆகாது, இருமல் வந்துவிடும். அதனால் ஜன்னல் பலகையை இழுத்து மூடியிருந்தார். அவருக்கு முன்பு அங்கே ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி இருந்தார். மூன்று மாதத்துக்கு முன் அவரை மாற்றிவிட்டு இவரைப் போட்டிருந்தார்கள்.

மூட்டை குறைய ஆரம்பித்ததும் மூன்று மாதத்துக்கு முன்புதான். தமிழ் தெரியாத கிராணி வந்தவுடன் மண்டோர் வேலையைக் காட்டிவிட்டார் என்று போலீஸ் எழுதி வைத்திருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"ஜன்னலை மூடிட்டு எப்படிக் கணக்கு எடுப்பீங்க?" என்று மலாயில் கேட்டார் சபாபதி.

"காதாலதான்லா," என்றார் டி குரூஸ். "ஒவ்வொரு மூட்டைக்கும் அவங்க கத்துவாங்க. ஒரு சத்தத்துக்கு ஒரு கோடு. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

லோரி வந்து நின்றது. ஐயாசாமி இடத்தில் இப்போது சின்னத்தம்பி என்ற ஆள் நின்று எண்ணிக்கை கூப்பிட்டான். சாதிக் வெளியே போய்க் காரில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தான். முதுகில் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஆட்கள் பலகை மேல் தடதடவென்று போனார்கள்.

"அண்ணே," என்று மூடிய ஜன்னலுக்கு வெளியிலிருந்து கூப்பிட்டான், "எங்க வாப்பா கடையில மூட்டை தூக்குறவன் நடக்கவே முக்குவான். இங்க ஓடுறாங்க! ராணுவ அரிசிக்குக் காலு முளைச்சிருக்கு போல."

"சும்மா இருடா, கேக்கணும்."

வெளியே சின்னத்தம்பியின் குரல் நீளமாக, ராகத்தோடு எழுந்தது.

"லா...பம்!"

ஆட்களும் சேர்ந்து, "லாபமோ லாபம்!" என்றார்கள்.

டி குரூஸின் பென்சில் அசையவில்லை.

"ரெண்டு!"

பென்சில் ஒரு கோடு போட்டது.

"மூணு!"

இன்னொரு கோடு.

சபாபதி பென்சிலையே பார்த்தார். பத்து வரை கேட்டார். பத்து முடிந்ததும் மறுபடி "லா...பம்!" என்று குரல் எழுந்தது. பென்சில் மறுபடி காற்றில் நின்றது.

"மிஸ்டர் டி குரூஸ், மொதல்ல ஒரு சத்தம் போடுறாங்களே, அது என்ன?"

"ஓ, அதுவா?" கிராணி பெருந்தன்மையோடு சிரித்தார். "அது அவங்க சாமி பேரு. பத்து மூட்டைக்கு ஒரு தடவை கும்பிட்டுக்குவாங்க. பக்தி உள்ள ஜனங்கதான்லா. ஆனா திருடுறாங்க, என்ன செய்ய?"

சபாபதி எழுந்து வெளியே வந்தார். காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, தலைப்பாகையைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அவருக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நெல்லோ அரிசியோ அளக்கிற தமிழன் எவனும் முதல் எண்ணை ஒன்று என்று சொல்ல மாட்டான். லாபம் என்றுதான் தொடங்குவான். ஒன்று என்று சொன்னால் அது ஒன்றாகவே நின்றுவிடும் என்று ஒரு பயம். அது யாழ்ப்பாணத்துக் கிராணிக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு மூட்டை, மூன்று மாதமாக, ஜன்னல் பலகைக்கு அந்தப் பக்கம் சாமி கும்பிட்டுக்கொண்டு உள்ளே போயிருந்தது.

"சாதிக்! மூட்டை எங்கயும் போகலடா. எல்லாம் உள்ளதான் இருக்கு!"

"யா அல்லா," என்றான் சாதிக், விஷயத்தைக் கேட்டுவிட்டு. "ஒரு மனுசன நாடு கடத்துறதுக்கு இவ்வளவு சின்ன வார்த்தை போதுமா அண்ணே?"

---

கேப்டன் லாங்ஃபர்ட் முப்பது வயதைத் தாண்டாதவர். வெயிலில் சிவந்த முகம். ஆறு கிடங்குகளுக்கும் பொறுப்பு அவர்தான். நல்ல மனிதர் என்று சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு அது போதவில்லை என்பது வேறு விஷயம். சபாபதி சொன்னதை முதலில் அவர் நம்பவில்லை. அதனால் அவர் கண் முன்னாலேயே இருபது மூட்டையை இறக்கச் சொன்னார் சபாபதி. கேப்டன் வெளியே நின்று தன் கண்ணால் எண்ணினார். உள்ளே கிராணி காதால் எண்ணினார்.

வெளியே இருபது. உள்ளே பதினெட்டுக் கோடு.

கேப்டன் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை மேசையில் போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"லாபம் என்றால் ஒன்றா?"

"அரிசி அளக்கிறவனுக்கு அப்படித்தான், சார்."

"அப்படியானால் ஆயிரத்து இருநூறு மூட்டையும் என் கிடங்குக்குள்ளேயே இருக்கிறது!"

"எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்."

"எண்ணுவோம். நாளைக் காலை பத்து மணிக்கு. போலீஸ் அதிகாரியையும் கூப்பிடுகிறேன். இதுவரை எண்ணிக்கை மட்டும்தான், எடை போட இங்கே தராசு கூடக் கிடையாது. சீக்கிரம், சீக்கிரம் என்றுதான் மேலே இருந்து உத்தரவு. சிங்கப்பூரிலிருந்து ஒரு தராசை இரவல் வாங்கிவிடுகிறேன். ஒவ்வொரு மூட்டையாகக் கீழே இறக்கி, எண்ணி, எடை போட்டு, உங்கள் ஆளை நானே வெளியே அழைத்து வருகிறேன்." கேப்டன் கையை நீட்டினார். "மிஸ்டர் சபாபதி, என் கிடங்கில் திருடனே இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். இந்த வருஷத்தில் நான் கேட்ட ஒரே நல்ல செய்தி இதுதான்."

திரும்பும்போது சபாபதி வாய்க்குள்ளேயே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். எட்டு வருஷமாக அவரோடு இருந்த சாதிக் அதைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

---

கூலி லயத்துக்கு அவர்கள் போனபோது மணி நாலரை இருக்கும். பேச்சியம்மாள் குழாயடியில் கணவனின் சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவளும் கிடங்கில்தான் வேலை செய்தாள். கிழிந்த சாக்குகளைக் கோணி ஊசியால் தைத்துக் கொடுப்பது அவள் வேலை.

சபாபதி எல்லாவற்றையும் சொன்னார். கொஞ்சம் அழகாகவே சொன்னார். அவருக்கும் மனிதனுக்குரிய பெருமை உண்டு. சாதிக் டி குரூஸ் மாதிரி கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு நடித்துக் காட்டினான். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. சட்டையைப் பிழியாமல் அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் அவள் காலில் சொட்டியது.

"நாளைக்குப் பத்து மணிக்கு மூட்டையெல்லாம் எண்ணப் போறாங்கம்மா. தராசு வருது. உங்க வீட்டுக்காரரு நாளைக்கே வெளிய வந்துருவாரு."

"எண்ண வேணாம்யா," என்றாள் அவள்.

"என்னம்மா?"

"எண்ண வேணாம். ஐயா, உங்க கால்ல வேணாலும் விழறேன். தராசு மட்டும் வேணாம்."

 எண்ணிக்கையைவிட அவள் தராசுக்குப் பயப்படுகிறாள் என்பது சபாபதிக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

"மூட்டையில என்ன இருக்கு, பேச்சியம்மா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். "உமிய்யா. உமியும் கொஞ்சம் தவிடும். எல்லாத்துலயும் இல்ல. நாலு லோரி வந்தா ஒண்ணுல அரிசி, மூணுல உமி. ஆலையிலயே அப்படித்தான் கட்டி வருது. ஒரு சாக்கு வாய் பிரிஞ்சு போச்சுன்னு எங்கிட்ட தைக்கக் குடுத்தாங்க. அப்பத்தான் பார்த்தேன்."

"யார்கிட்டயும் சொல்லலயா?"

"இவருகிட்ட சொன்னேன். இவருக்கு முன்னாடியே தெரியும். எல்லாருக்கும் தெரியும்யா, முதுகுல தூக்குறவனுக்குத் தெரியாதா?" அவள் சட்டையைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்தாள். "பதினெட்டு வருசமா ஒரு ஆளு கனத்தைத் தூக்கித் தூக்கி நடு முதுகு வளைஞ்சு போன ஆளுங்க. சின்னத்தம்பிக்கு ராத்திரியில படுக்க முடியாது, உக்காந்துகிட்டே தூங்குவான். திடீர்னு ஒரு நாளு மூட்டை லேசாச்சு. எல்லாரும் சாமிக்குக் கற்பூரம் கொளுத்துனாங்க. யாராச்சும் வாயத் தொறந்தா மறுபடி கனமாயிடும்னு பயந்துகிட்டு யாரும் பேசல. திருட்டுன்னு நாங்க நெனைக்கலய்யா. பாரம் கொறைஞ்சுதுன்னுதான் நெனைச்சோம்."

சாதிக் மூக்கிலிருந்து கைக்குட்டையை அவிழ்த்தான். "ஓடுனாங்களே அண்ணே," என்றான் மெதுவாக. "அரிசிக் கடைக்காரன் மகன் நான். கண்ணால பார்த்துட்டு கிண்டல் பண்ணிட்டு வந்துட்டேன்."

"நான் அதைக் காது குடுத்தே கேக்கல," என்றார் சபாபதி.

---

லாக்கப் கம்பிக்குப் பின்னால் ஐயாசாமி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒல்லியான, கறுத்த, அவசரமில்லாத மனிதர். சபாபதி சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நான் கம்பெனியப் பிடிக்கிறேன் ஐயாசாமி," என்றார் சபாபதி. அவருக்கே தெரியாமல் குரல் ஏறியது. "உமி கட்டுனது அவன். அரிசிக்குக் காசு வாங்குனவன் அவன். நாளைக்குக் கிடங்கத் தொறக்கட்டும். தொறந்தாத்தான் உண்மை வெளிய வரும்."

"வரும்ங்க ஐயா. வந்து யாரு மேல விழும்?"

"கம்பெனி மேல."

"ஆலையில தெனமும் ஒரு தாளு நீட்டுவாங்க. நல்ல அரிசி, முழு மூட்டை, வாங்கிக்கிட்டோம்னு எழுதியிருக்கும். அதுல நாங்க நாப்பது பேரும் பெருவிரல் வச்சிருக்கோம். ஏத்துனது நாங்க. வழியில கூட வந்தது நாங்க. எறக்குனது நாங்க. கம்பெனி என்ன சொல்லும்? எங்க கிட்டேருந்து அரிசியாத்தான் போச்சு, நடுவுல கூலிங்க மாத்திட்டானுங்கன்னு சொல்லும். ஐயா கோர்ட்டுல இருந்தவரு. யாரை நம்புவாங்க?"

 சபாபதிக்குப் பதில் தெரியும் என்பதுதான் கொடுமை. நாடு கடத்தும் உத்தரவுக்குச் சாட்சி வேண்டாம், வக்கீல் வேண்டாம்; ஒரு தாளும் பெயர்களும் போதும். எட்டு வருஷத்துக்கு முன்பு அப்படி ஒரு தாளை அவரே கோர்ட்டு வராந்தாவில் நின்று தமிழில் வாசித்திருக்கிறார். முப்பத்தொரு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஒரு பெண் கத்தினாள். அடுத்த மாதம் அவர் வேலையை விட்டார். பொய்களை மொழிபெயர்த்துச் சலித்துப்போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னது, அன்று வரை அவர் வாயில் வந்த ஒரே பொய்.

"நாப்பது பேரு சேந்து சண்டை சாமான்ல உமிய மாத்தி வச்சாங்கன்னு சொன்னா நாடு கடத்துறதோட விடுவாங்களா?" என்று கேட்டார் ஐயாசாமி.

"விட மாட்டாங்க."

"அப்ப கிடங்கு தொறக்கக் கூடாதுங்க. ஆயிரத்து இருநூறு மூட்டை, நான் ஒருத்தன் எடுத்தேன். தாளக் கொண்டாங்க, விரல் வைக்கிறேன்."

"நீங்க ஒண்ணும் எடுக்கலயே!" சபாபதி கம்பியைப் பிடித்து உலுக்கினார். வாசலில் இருந்த போலீஸ்காரன் திரும்பிப் பார்த்தான். "ஒரு மூட்டை கூடக் குறையலன்னு நிரூபிச்சுட்டு வந்திருக்கேன். மூணு நாளா ஓடி, மூளையக் கசக்கி, உங்களை வெளிய கொண்டாந்துட்டேன்னு நெனைச்சுகிட்டு வந்திருக்கேன்."

"தெரியும்ங்க ஐயா. பெரிய மூளைங்க உங்களுக்கு." ஐயாசாமி அதைக் கேலியாகச் சொல்லவில்லை. "ஆனா நீங்க கண்டுபிடிச்சது நாப்பது வீட்ட எரிச்சுப்புடும். என்னோட போகட்டும்."

சாதிக் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சபாபதி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். வாக்குமூலத்தை அவரே எழுதினார். தெப்ராவ் ஆற்றில் வந்த பெயர் தெரியாத ஒரு தொங்காங் படகுக்கு மூட்டைகளை விற்றதாக எழுதினார். ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினார். ஒரு வார்த்தை பிசகவில்லை. ஐயாசாமி பெருவிரலை மையில் தொட்டு வைத்தார்.

அன்று பொழுது சாய்வதற்குள் சின்னத்தம்பியைப் பார்த்து, இனிமேல் எண்ணும்போது ஒண்ணு என்றே தொடங்கச் சொன்னார். "லாபம்னு சொல்லக் கூடாதுங்களா?" என்று கேட்டான் அவன். "சொல்லக் கூடாது," என்றார். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

---

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கே தராசு வந்துவிட்டது. கிடங்கு வாசலில் லோரியிலிருந்து இறக்காமல் வைத்திருந்தார்கள். கேப்டன் லாங்ஃபர்ட் புதிதாகச் சவரம் செய்துகொண்டு உற்சாகமாக இருந்தார். வாக்குமூலத்தைப் படித்த பிறகு அந்த உற்சாகம் எங்கோ போய்விட்டது.

"எனக்குப் புரியவில்லை. நேற்று என் கண்ணால் பார்த்தேன். இருபது மூட்டைக்குப் பதினெட்டுக் கோடு."

"அது நான் சொல்லிக் கொடுத்து நடந்தது, சார்," என்றார் சபாபதி. "முன்கூட்டியே ஆட்களிடம் பேசி, கிராணியைக் குழப்புகிற மாதிரிக் கூப்பிடச் சொன்னேன். ஏதோ சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை."

"லாபம் என்ற வார்த்தை?"

"வெறும் வார்த்தைதான், சார்."

"செவ்வாய்க்கிழமை லோரியிலும் குறைந்ததே? அவன் உள்ளே இருந்தானே?"

"அவன் செய்துவிட்டுப் போன ஏற்பாட்டின் மிச்சம். இனிமேல் ஒரு மூட்டை குறையாது. நீங்களே பாருங்கள்."

இதை மட்டும் சபாபதி உறுதியாகச் சொன்னார். கேப்டன் எழுந்து வந்து அவர் முகத்துக்கு நேரே நின்றார். கோபத்தைவிட அவரிடம் வருத்தம்தான் அதிகம் தெரிந்தது.

"ஒரு நாள் முழுக்க உங்களை நம்பினேன். மேலதிகாரிக்குத் தந்தி எழுதி வைத்துவிட்டேன். தெரியுமா?"

"மன்னிக்கணும், சார்."

"ஒரு திருடனை விடுவிக்க நாடகம் ஆடுகிற ஆள் ஜோகூரில் துப்பறிகிறேன் என்று பலகை மாட்டிக்கொள்ள வேண்டாம். இன்றைக்கே எழுதிவிடுகிறேன். இனி எந்தக் கோர்ட்டு, எந்த ஆபீஸ் வாசலையும் நீங்கள் மிதிக்க முடியாது."

"சரி, சார்."

சபாபதி தலையைக் குனிந்துகொண்டார். இருபது வருஷமாகச் சேர்த்த பெயர், ஒரு பழைய சட்டையைக் கழற்றிப் போடுகிற நேரத்தில் போய்விட்டது. அவருக்கு வலித்தது. பொய் சொன்னதற்காக அல்ல, அவ்வளவு சுலபமாக நம்பிவிட்டார்களே என்று வலித்தது.

கேப்டன் ஜன்னலுக்குப் போய்த் தராசை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு ஆறு கிடங்குகளையும் வரிசையாகப் பார்த்தார்.

"போகட்டும். பத்தாயிரத்து எண்ணூறாவது பத்திரமாக இருக்கிறது," என்றார், அங்கே இல்லாத யாரோ ஒருவரிடம் சொல்வதுபோல. "சண்டை வந்து கப்பல் நின்றுபோனாலும், இந்த ஊர் ஆறு மாதம் பட்டினி கிடக்காது. அதையாவது செய்திருக்கிறோம்."

சபாபதி அவரைப் பார்த்தார். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நாக்கு நுனி வரை வந்தது. வெளியே லோரி வந்து நிற்கிற சத்தமும், சின்னத்தம்பி ஆட்களை அதட்டுகிற குரலும் கேட்டன. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமாம், சார். நல்ல காரியம்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

சாதிக் காரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே பேசினான்.

"அண்ணே, இன்னைக்கே பத்து பாகாட் போவோம். வாப்பா கால்ல விழுந்தாவது நம்ம ரெண்டு வீட்டுக்கும் அரிசி வாங்கி வைக்கணும். தெரிஞ்சவங்களுக்கும் சொல்லணும். ஏன்னு கேட்டா என்ன சொல்றதுன்னுதான் தெரியல."

சபாபதிக்கும் தெரியவில்லை. யாருக்கென்று சொல்வது? இந்த ஊரில் அடுப்பு எரிகிற வீடுகள் எத்தனை ஆயிரம்? அவர் கார்க் கதவைத் திறக்கும்போது பேச்சியம்மாள் வாசல் பக்கமிருந்து வந்தாள். கோணி ஊசியும் சணல் கயிறும் அவள் கையில் இருந்தன. கணவன் என்ன ஆனான் என்று அவள் கேட்கவில்லை.

"எண்ண மாட்டாங்கல்ல ஐயா?"

"எண்ண மாட்டாங்கம்மா."

அவள் மூச்சை விட்டாள். கையெடுத்துக் கும்பிட்டாள். சபாபதியால் அந்தக் கும்பிடைப் பார்க்க முடியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டார்.

"கப்பல் எத்தனை மணிக்குங்க?"

"நாளைக்குச் சாயந்தரம் நாலு மணிக்கு. காலையில லாக்கப்புல பாக்க விடுவாங்க. நான் கூட்டிட்டுப் போறேன்."

"நாளைக்கு வெள்ளிக்கெழமை, லோரி ஜாஸ்தி வரும். லீவு கேட்டா ஏன்னு கேப்பாங்கய்யா. சந்தேகப்படுவாங்க." அவள் இடுப்பில் செருகியிருந்த சட்டையை எடுத்தாள். "அந்தச் சட்டை காஞ்சிருச்சு. அதை மட்டும் குடுத்துருங்க."

மடித்த சட்டையை அவரிடம் கொடுத்துவிட்டு, கிழிந்த சாக்குகள் காத்துக்கொண்டிருந்த கொட்டகைக்கு வேகமாக நடந்தாள்.